பணத் தீர்ப்பாணை நிறைவேற்றம்: இந்தியாவில் நீதிமன்றக் கடன் வசூலின் வரலாறு

கடன் கொடுத்தவர் வழக்குத் தொடர்ந்து, கடனாளி இவ்வளவு தொகையைச் செலுத்த வேண்டும் என்று நீதிமன்றம் பிறப்பிக்கும் ஆணை பணத் தீர்ப்பாணை எனப்படும். பேச்சு வழக்கில் இதை 'டிகிரி' என்பர். தீர்ப்பாணை பெற்றவர் தீர்ப்பாணைதாரர். பணம் செலுத்த வேண்டியவர் தீர்ப்புக் கடனாளி. தீர்ப்பு வந்தவுடன் பணம் கைக்கு வந்துவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் நீதிமன்றம் பணத்தை எடுத்துக் கொடுப்பதில்லை. கடனாளி தானாகக் கட்டாவிட்டால், தீர்ப்பாணைதாரர் மீண்டும் நீதிமன்றம் சென்று 'நிறைவேற்று மனு' என்ற தனி மனுவைத் தாக்கல் செய்ய வேண்டும். சொத்தை ஜப்தி செய்வது, ஏலம் விடுவது, சம்பளத்தைப் பிடிப்பது, கடனாளியைச் சிறைக்கு அனுப்புவது ஆகியவை எல்லாம் அந்த மனுவுக்குப் பிறகே நடக்கும்.

இந்த இரண்டாம் கட்டத்தின் வரலாறு இரண்டு அச்சங்களுக்கு இடையே நடந்த வரலாறு. வசூல் முறை தளர்ந்தால் தீர்ப்பு வெறும் காகிதமாகிவிடும். முறையாகக் கடன் கொடுத்தவர் ஏமாறுவார். வசூல் முறை இறுகினால் ஏழையின் ஏர்மாடும் சமையல் பாத்திரமும் ஏலத்துக்குப் போகும். ஒன்றரை நூற்றாண்டுக்கும் மேலாக இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு கோடு கிழிக்கும் முயற்சி நடந்து வருகிறது.

நீதிமன்றங்களுக்கு முந்தைய முறைகள்

பழைய தர்மசாஸ்திர நூல்கள் கடனைத் திரும்பப் பெறும் வழிகளைப் பட்டியலிட்டன. மனுஸ்மிருதி ஐந்து வழிகளைக் கூறுகிறது: அறவுரை கூறி நயமாகக் கேட்பது, வழக்காடுவது, தந்திரம் செய்வது, வழக்கமான முறையில் நெருக்குவது, பலத்தைப் பயன்படுத்துவது. இவற்றில் வழக்காடுவது ஒரு வழி மட்டுமே. மற்றவை கடன் கொடுத்தவர் தாமாகவே எடுக்கும் நடவடிக்கைகள்.

தமிழகத்தைப் பொறுத்தவரை, வெனிஸ் நகரப் பயணி மார்க்கோ போலோ ஒரு சுவையான குறிப்பை விட்டுச் சென்றிருக்கிறார். 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் அவர் 'மாபார்' என்று அழைத்த பாண்டிய நாட்டுக் கடற்கரைக்கு வந்தார். பலமுறை கேட்டும் கடனைத் திருப்பித் தராமல் நாள் கடத்துபவரைக் கடன் கொடுத்தவர் எங்கேனும் கண்டால், அவரைச் சுற்றித் தரையில் ஒரு வட்டம் கிழிப்பாராம். பணம் கொடுக்கும் வரையோ, தக்க பிணை காட்டும் வரையோ அந்த வட்டத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் மரண தண்டனை. அந்நாட்டு அரசரே வெளிநாட்டு வணிகர் ஒருவருக்குப் பணம் பாக்கி வைத்திருந்தபோது, குதிரைமேல் சென்ற அவரைச் சுற்றி அந்த வணிகர் வட்டம் கிழித்ததாகவும், அரசர் அந்த இடத்தை விட்டு நகராமல் நின்று கடனைத் தீர்த்ததாகவும் மார்க்கோ போலோ எழுதியிருக்கிறார். 16ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கோழிக்கோட்டுக்கு வந்த இத்தாலியர் வர்த்தேமாவும் இதை ஒத்த ஒரு வழக்கத்தைப் பதிவு செய்துள்ளார்.

இன்னொரு பழைய முறை 'தர்ணா'. இன்று அரசியல் கட்சிகளும் தொழிற்சங்கங்களும் நடத்தும் உள்ளிருப்புப் போராட்டத்துக்கு இந்தச் சொல்லைப் பயன்படுத்துகிறோம். முன்பு இது கடன் வசூல் முறைகளுள் ஒன்றாக இருந்தது. கடன் கொடுத்தவரோ அவர் சார்பில் ஒருவரோ கடனாளியின் வாசலில் உண்ணாமல் உட்கார்ந்துவிடுவார். அவர் பட்டினி கிடந்து இறந்தால் அந்தப் பாவம் கடனாளியைச் சேரும் என்ற அச்சமே வசூலுக்குத் துணை. 1795இல் காசிப் பகுதிக்காகக் கிழக்கிந்தியக் கம்பெனி இயற்றிய ஒழுங்குமுறைச் சட்டம் இதைத் தடை செய்தது. 1860ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 508ஆம் பிரிவு, தெய்வக் குற்றம் வரும் என்று அச்சுறுத்தி ஒருவரை ஒரு செயலைச் செய்ய வைப்பதைக் குற்றமாக்கியது. அந்தப் பிரிவுக்குத் தரப்பட்ட எடுத்துக்காட்டே, ஒருவர் மற்றொருவரின் வாசலில் தர்ணா இருப்பதுதான்.

இந்த முறைகளுக்கெல்லாம் பொதுவான ஒரு தன்மை உண்டு. வசூல் செய்பவர் கடன் கொடுத்தவரே. ஊரின் கண்ணும், கடனாளியின் மானமும், பாவ அச்சமும் அவருக்குக் கருவிகள். கம்பெனி ஆட்சி இவற்றை நீக்கிவிட்டு, வசூலுக்கான பலத்தை நீதிமன்றத்தின் கையில் மட்டும் வைத்தது.

இங்கிலாந்தின் கடனாளிச் சிறை

கம்பெனி நீதிமன்றங்கள் கொண்டுவந்த முறைக்கு இங்கிலாந்தின் நடைமுறை முன்மாதிரி. அங்கே கடனைக் கட்டாதவரைச் சிறையில் அடைப்பது சாதாரணம். எழுத்தாளர் சார்லஸ் டிக்கன்ஸின் தந்தை 1824இல் லண்டன் மார்ஷல்சீ சிறையில் கடனுக்காக அடைக்கப்பட்டார். 12 வயதுச் சிறுவனாக இருந்த டிக்கன்ஸ் அப்போது காலணி மெருகுத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்தார். சிறையில் இருப்பவர் சம்பாதிக்க முடியாது. சம்பாதிக்காதவர் கடனை அடைக்க முடியாது. இந்த முரண்பாடு நீண்ட காலம் விவாதிக்கப்பட்ட பின், 1869ஆம் ஆண்டு கடனாளிகள் சட்டம் அங்கே கடனுக்கான சிறையைப் பெருமளவு ஒழித்தது. இந்தியாவிலோ அந்த முறை அதற்குப் பிறகும் தொடர்ந்தது.

1859 முதல் 1908 வரை

இந்தியா முழுவதற்கும் பொருந்தும் ஒரே சீரான உரிமையியல் நடைமுறைக்கு அடித்தளம் இட்டது 1859ஆம் ஆண்டின் 8ஆவது சட்டம். இச்சட்டத்தின்படி பணத் தீர்ப்பாணைக்காகக் கடனாளியை 2 ஆண்டுகள் வரை சிறையில் வைக்கலாம். தொகை 500 ரூபாய்க்கு மேற்படாவிட்டால் 6 மாதம், 50 ரூபாய்க்கு மேற்படாவிட்டால் 3 மாதம் என்பது உச்ச வரம்பு.

1877ஆம் ஆண்டின் புதிய தொகுப்பு இரண்டு முக்கிய மாற்றங்களைச் செய்தது. சிறைக்காலம் அதிகபட்சம் 6 மாதமாகவும், 50 ரூபாய் வரையிலான கடன்களுக்கு 6 வாரமாகவும் குறைந்தது. உடுத்தும் உடை, கைவினைஞரின் கருவி, உழவரின் ஏர், மாடு போன்றவற்றை ஜப்தி செய்யக் கூடாது என்ற பட்டியலும் இடம்பெற்றது. 1882இல் மற்றொரு தொகுப்பு வந்தது. 1888ஆம் ஆண்டின் திருத்தம், பணத் தீர்ப்பாணைக்காகப் பெண்களைக் கைது செய்வதை முற்றிலும் தடை செய்தது. இந்த விதிகளையெல்லாம் சீர்படுத்தி 1908இல் இயற்றப்பட்ட உரிமையியல் நடைமுறைச் சட்டமே இன்றும் நடைமுறையில் உள்ளது. நிறைவேற்றம் பற்றிய விரிவான விதிகள் அதன் 21ஆவது கட்டளையில் இருக்கின்றன. அந்தச் சட்டத்தில் மிக நீளமான கட்டளையும் அதுவே.

இவ்வளவு விதிகள் இருந்தும் வசூல் எளிதாகவில்லை. 1870களின் தொடக்கத்திலேயே, தர்பங்கா சமஸ்தானம் தொடர்பான ஒரு வழக்கில், இந்தியாவில் வழக்காடுபவரின் துன்பம் தீர்ப்பாணை பெற்ற பிறகே தொடங்குகிறது என்ற கருத்தை லண்டன் பிரிவி கவுன்சில் வெளியிட்டது. அந்தக் கருத்தை இந்திய நீதிமன்றங்கள் இன்றுவரை எடுத்துக்காட்டி வருகின்றன.

தக்காணக் கலவரமும் அதன் பாடமும்

பிரிவி கவுன்சில் கடன் கொடுத்தவரின் துன்பத்தைப் பற்றிப் பேசிய சில ஆண்டுகளில், மறுபக்கத்தின் துன்பம் வெடித்தது. 1875 மே 12 அன்று பூனா மாவட்டத்தின் சூப்பா என்ற சந்தை ஊரில் உழவர்கள் திரண்டு லேவாதேவிக்காரர்களின் வீடுகளையும் கடைகளையும் தாக்கினர். கலவரம் பூனா, அகமத்நகர் மாவட்டங்களின் பல ஊர்களுக்குப் பரவியது. கூட்டம் குறிவைத்தது முதன்மையாகக் கடன் பத்திரங்களையும் கணக்குப் புத்தகங்களையும் நீதிமன்றத் தீர்ப்பாணைகளையும். அவை தெருவில் போட்டுக் கொளுத்தப்பட்டன.

காகிதத்தின் மேல் ஏன் இவ்வளவு கோபம்? 1859ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டம் கடன் பத்திரங்களுக்கு 3 ஆண்டுக் காலவரம்பு விதித்தது. வட்டி நெடுங்காலம் சேர்ந்துவிடாமல் கடனாளியைக் காப்பதே அதன் நோக்கம். நடைமுறையில், 3 ஆண்டுகளுக்கு ஒருமுறை லேவாதேவிக்காரர் அசலையும் வட்டியையும் சேர்த்துப் புதிய பத்திரம் எழுதி வாங்கினார். வட்டி அசலாக மாறியது. அதன் மேல் மீண்டும் வட்டி ஏறியது. எழுதப் படிக்கத் தெரியாத உழவர் ரேகை வைத்தார். வழக்கு வந்தபோது பெரும்பாலோர் நீதிமன்றத்துக்குப் போகவில்லை. அவர்கள் வராமலே ஒருதலைத் தீர்ப்பாணை பிறந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு நிலத்தை ஏலத்துக்குக் கொண்டுவருவதும், சிறைக்கு அனுப்புவதாக மிரட்டுவதும் எளிதாக இருந்தது.

கலவரத்தை ஆராய அமைக்கப்பட்ட ஆணையத்தின் அறிக்கை 1878இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட்டது. அதன் விளைவாக 1879இல் தக்காண உழவர் நிவாரணச் சட்டம் வந்தது. பணத் தீர்ப்பாணைக்காக உழவரைக் கைது செய்யக் கூடாது. குறிப்பாக அடமானம் வைக்கப்படாத நிலத்தை ஏலம் விடக் கூடாது. பத்திரத்தில் எழுதிய தொகையை அப்படியே ஏற்காமல் கடனின் முழு வரலாற்றையும் நீதிமன்றம் ஆராய வேண்டும் என்று அது விதித்தது. வசூலைக் கட்டுப்படுத்துவதே நியாயத்தைக் காக்கும் வழியாக இருக்கலாம் என்று இந்தியச் சட்டம் ஏற்றுக்கொண்ட முதல் பெரிய நிகழ்வுகளில் இது ஒன்று.

சென்னை மாகாணத்தில் 1938

1929இல் தொடங்கிய உலகப் பொருளாதார மந்தத்தில் நெல், பருத்தி, நிலக்கடலை விலைகள் சரிந்தன. விளைபொருள் விலை பாதியாகும்போது, ரூபாய்க் கணக்கில் மாறாமல் நிற்கும் கடன் உண்மையில் இரட்டிப்பாகிறது. கிராமக் கடன் தீர்ப்பாணைகளாகவும், தீர்ப்பாணைகள் நில ஏலங்களாகவும் மாறின.

1937இல் பதவியேற்ற ராஜாஜியின் அமைச்சரவை 1938இல் சென்னை உழவர் நிவாரணச் சட்டத்தைக் கொண்டுவந்தது. 1932 அக்டோபர் 1க்கு முன் வாங்கிய கடன்களுக்கு, 1937 அக்டோபர் 1 வரை நிலுவையில் இருந்த வட்டி முழுவதும் தள்ளுபடியானது. அசலைப் போல் இரு மடங்கு ஏற்கெனவே கட்டியிருந்தால் கடனே தீர்ந்ததாகக் கொள்ளப்பட்டது. அசலுக்கு மேல் வட்டி வளரக் கூடாது என்ற பழைய இந்து சட்ட மரபான 'தாம்துபத்' விதியின் சாயல் இதில் தெரிகிறது. 1932க்குப் பின் வாங்கிய கடன்களுக்கு வட்டி ஆண்டுக்கு 5 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. சட்டம் வருவதற்கு முன்பே பிறப்பிக்கப்பட்ட தீர்ப்பாணைகளையும் இந்த அளவுக்குத் திருத்திக்கொள்ள கடனாளி மனுச் செய்யலாம். நீதிமன்றம் இறுதியாகச் சொன்ன தொகையையே சட்டமன்றம் குறைக்க முடியும் என்பது அன்று பெரிய விவாதத்தைக் கிளப்பியது.

சிறையிலிருந்து சம்பளத்துக்கு

உழவருக்கு நடந்ததைப் போலவே தொழிலாளருக்கும் நடந்தது. 1929இல் அமைக்கப்பட்டு 1931இல் அறிக்கை தந்த விட்லி தலைமையிலான தொழிலாளர் பற்றிய அரச ஆணையம், குறைந்த ஊதியம் பெறும் தொழிலாளரைக் கடனுக்காகச் சிறையில் அடைப்பதை நீக்கப் பரிந்துரைத்தது. 1936இல் நடைமுறைச் சட்டத்தின் 51ஆவது பிரிவில் ஒரு முக்கியமான வரம்பு சேர்க்கப்பட்டது. அதன்படி, கடனாளிக்கு விளக்கம் கேட்டு அறிவிப்பு அனுப்பாமல் சிறைக்கு அனுப்பக் கூடாது. அவர் தப்பி ஓடப் பார்க்கிறார், சொத்தை மோசடியாக மறைத்தார், அல்லது கட்டுவதற்கு வசதி இருந்தும் கட்ட மறுக்கிறார் என்பன போன்ற காரணங்களை நீதிபதி எழுத்தில் பதிவு செய்ய வேண்டும். ஜப்தி செய்யக் கூடாத பொருள்களை அவருடைய 'வசதி'யாகக் கணக்கிடக் கூடாது.

இந்த வரம்பின் முழுப் பொருளை 1980இல் உச்ச நீதிமன்றம் பேங்க் ஆஃப் கொச்சின் வழக்கில் விளக்கியது. நீதிபதி வி.ஆர். கிருஷ்ண அய்யர் எழுதிய அத்தீர்ப்பு, கடனைக் கட்டவில்லை என்பது மட்டுமே ஒருவரைச் சிறைக்கு அனுப்பப் போதாது என்றது. முன்பு எப்போதோ வசதி இருந்தது என்பதும் போதாது. இன்று கட்ட முடிந்தும் கெட்ட எண்ணத்துடன் மறுக்கிறார் என்பது தெரிய வேண்டும். ஒப்பந்தக் கடமையை நிறைவேற்ற இயலாததற்காக மட்டும் யாரையும் சிறையிடக் கூடாது என்று கூறும் பன்னாட்டு குடிமை, அரசியல் உரிமைகள் உடன்படிக்கையின் 11ஆவது பிரிவையும், வாழ்வுரிமையைக் கூறும் இந்திய அரசமைப்பின் 21ஆவது பிரிவையும் அத்தீர்ப்பு ஒன்றாக வைத்துப் படித்தது. வறுமை குற்றமல்ல என்பதே அதன் சாரம்.

இன்றைய விதிப்படி 2,000 ரூபாய் வரையிலான தீர்ப்பாணைக்குச் சிறையே இல்லை. 2,000 முதல் 5,000 ரூபாய் வரை 6 வாரமும், அதற்கு மேல் 3 மாதமும் உச்ச வரம்பு. சிறையில் இருக்கும் கடனாளியின் சாப்பாட்டுச் செலவைத் தீர்ப்பாணைதாரரே முன்பணமாகக் கட்ட வேண்டும். கட்டத் தவறினால் கடனாளி விடுவிக்கப்படுவார். சிறை சென்று வந்ததால் கடன் தீர்ந்துவிடாது. ஆனால் அதே தீர்ப்பாணைக்காக மீண்டும் கைது செய்ய முடியாது. கைது செய்ய வரும் ஊழியர், சூரியன் மறைந்த பின்னும் உதிப்பதற்கு முன்னும் வீட்டுக்குள் நுழையக் கூடாது.

இன்று வசூல் நடைபெறும் முறை

தீர்ப்பாணை பிறந்த நாளிலிருந்து 12 ஆண்டுகளுக்குள் நிறைவேற்று மனு தாக்கல் செய்ய வேண்டும். கடனாளியின் சொத்து வேறு ஊரில் இருந்தால் தீர்ப்பாணையை அந்த ஊர் நீதிமன்றத்துக்கு மாற்றிப் பெறலாம். பிறகு பின்வரும் வழிகளுள் ஒன்றையோ பலவற்றையோ கோரலாம்.

அசையும் பொருள் ஜப்தி: மனுதாரர் பேட்டா கட்டிய பின், நீதிமன்ற அமீனா வாரண்டுடன் சென்று பொருளைக் கைப்பற்றுவார். உடை, சமையல் பாத்திரம், படுக்கை, கைவினைஞரின் கருவி, உழவரின் மாடு, விதை தானியம், சமய வழக்கப்படி பெண் கழற்றக் கூடாத அணிகலன் ஆகியவற்றைத் தொடக் கூடாது. தாலி இந்தக் கடைசி வகையில் அடங்கும். இந்தப் பட்டியல் 60ஆவது பிரிவில் உள்ளது.

அசையாச் சொத்து ஜப்தி: நிலத்தையோ வீட்டையோ விற்கவும் அடமானம் வைக்கவும் தடை விதிக்கும் ஆணை அந்த இடத்தில் தமுக்கு அடித்து அறிவிக்கப்படும், கண்ணில் படும் இடத்திலும் நீதிமன்றத்திலும் ஒட்டப்படும். அதன்பின் கடனாளி தனியாக விற்றாலும் தீர்ப்பாணைதாரரைப் பொறுத்தவரை அந்த விற்பனை செல்லாது. உழவர், கூலித் தொழிலாளர், வீட்டு வேலை செய்பவர் ஆகியோர் குடியிருக்கும் சொந்த வீடு ஜப்தியிலிருந்து விலக்குப் பெற்றது.

ஏலம்: ஏல அறிவிப்பில் சொத்தின் விவரமும் அதன் மேல் உள்ள பிற கடன்களும் இருக்க வேண்டும். ஏலம் எடுத்தவர் விலையில் 25 சதவீதத்தை உடனேயும், மீதியை 15 நாள்களுக்குள்ளும் கட்ட வேண்டும். ஏலம் முடிந்த பின்னும் கடனாளிக்கு ஒரு கதவு திறந்திருக்கும். 60 நாள்களுக்குள், வசூலிக்க வேண்டிய தொகையையும், ஏலம் எடுத்தவருக்கு விலையில் 5 சதவீதத்தையும் கட்டினால் ஏலத்தை ரத்து செய்யலாம். சிறிய கடனுக்காகப் பெரிய சொத்து முழுவதையும் விற்கக் கூடாது, தேவையான பகுதியை மட்டுமே விற்க வேண்டும் என்பதை உச்ச நீதிமன்றம் பலமுறை வலியுறுத்தியுள்ளது.

சம்பளப் பிடித்தம்: சம்பளத்தில் முதல் 1,000 ரூபாயும், மீதியில் மூன்றில் இரண்டு பங்கும் விலக்கு. கணக்கில் எடுக்கப்படும் சம்பளம் 31,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 1,000 ரூபாயைக் கழித்தால் 30,000. அதில் 20,000 விலக்கு. 10,000 ரூபாயை மாதந்தோறும் பிடிக்கலாம். ஒரு தீர்ப்பாணைக்காக 24 மாதங்களுக்கு மேல் பிடிக்க முடியாது. வருங்கால வைப்பு நிதியையும் அரசு ஓய்வூதியத்தையும் தொட முடியாது. 1976இல் 400 ரூபாயாக இருந்த முதல் விலக்கு, 1999ஆம் ஆண்டின் திருத்தத்தால் 1,000 ஆயிற்று. அது 2002இல் நடைமுறைக்கு வந்தது. அதன்பின் விலைவாசி பல மடங்கு ஏறியும் அந்த எண் மாறவில்லை.

மூன்றாம் நபரிடமிருந்து வசூல்: கடனாளிக்கு வேறு ஒருவர் பணம் தர வேண்டியிருந்தால், அதை நேரடியாக நீதிமன்றத்தில் கட்டும்படி அவருக்கு ஆணையிடலாம். வங்கிக் கணக்கில் உள்ள பணத்தைப் பிடிப்பதும் இம்முறையே. 1976ஆம் ஆண்டின் திருத்தம் இதற்கு விரிவான விதிகளைச் சேர்த்தது.

சொத்து விவரப் பிரமாணம்: தீர்ப்பாணை 30 நாள்களாகியும் நிறைவேறாவிட்டால், சொத்து விவரங்களைப் பிரமாண வாக்குமூலமாகத் தரும்படி கடனாளிக்கு ஆணையிடலாம். இதுவும் 1976இல் வந்ததே. கடனாளியிடம் என்ன இருக்கிறது என்பதைக் கண்டுபிடிக்கும் சுமை அதுவரை முழுவதும் தீர்ப்பாணைதாரரின் தலையில் இருந்தது.

கடன்கள் சொத்தை மீறிவிட்டால் கடனாளி திவால் மனு தாக்கல் செய்யலாம். தமிழ்நாட்டில் இதை 'மஞ்சள் கடுதாசி கொடுப்பது' என்பர். 1909ஆம் ஆண்டு மாகாணத் தலைநகரங்களுக்கான திவால் சட்டமும், பிற ஊர்களுக்கான 1920ஆம் ஆண்டு மாகாணத் திவால் சட்டமும் இதற்கு வழி செய்தன. திவாலானவரின் சொத்து நீதிமன்றப் பொறுப்புக்கு வந்து, கடன் கொடுத்தவர் அனைவருக்கும் பங்கிடப்படும். முதலில் ஓடி வந்தவர் எல்லாவற்றையும் எடுத்துச் செல்வதை இது தடுக்கிறது.

அரசுப் பேருந்து ஜப்தி

தமிழ்நாட்டுச் செய்தித்தாள்களில் அடிக்கடி காணும் ஒரு காட்சி, பேருந்து நிலையத்தில் அரசுப் பேருந்தை அமீனா ஜப்தி செய்வது. விபத்தில் இறந்தவரின் குடும்பத்துக்குத் தீர்ப்பாயம் வழங்கிய இழப்பீட்டைப் போக்குவரத்துக் கழகம் கட்டாதபோது, அக்குடும்பம் நிறைவேற்று மனு தாக்கல் செய்து இந்த நிலைக்கு வருகிறது. நிலம் கையகப்படுத்தியதற்கான இழப்பீட்டுக்காக அரசு அலுவலக நாற்காலிகளும் ஜீப்பும் ஜப்தியாவதும் உண்டு. அரசுக்கு எதிரான தீர்ப்பாணையை, அது பிறந்து 3 மாதம் வரை நிறைவேற்ற முடியாது என்று 82ஆவது பிரிவு அவகாசம் தருகிறது. அதற்குப் பிறகு, கட்டாத கடனாளி அரசாக இருந்தாலும் அமீனா வரலாம். இங்கே கடன் கொடுத்தவர் லேவாதேவிக்காரர் அல்லர். குடும்பத் தலைவரை இழந்த ஒரு வீடு. நிறைவேற்றச் சட்டம் வலுவாக இருக்க வேண்டியது ஏன் என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு தேவையில்லை.

தாமதத்தின் காரணங்கள்

வழக்கு நடந்தபோது எழுப்பாத ஆட்சேபங்களை நிறைவேற்றக் கட்டத்தில் எழுப்புவது, சொத்து தன்னுடையது என்று உறவினர் ஒருவரை மனுப் போட வைப்பது, ஏல அறிவிப்பில் பிழை கண்டுபிடிப்பது, வாய்தா மேல் வாய்தா வாங்குவது ஆகியவை பழக்கமான தந்திரங்கள். வட்டி விகிதமும் ஒரு காரணம். வணிகம் சாராத கடனுக்குத் தீர்ப்புக்குப் பின் நீதிமன்றம் வழங்கும் வட்டி, 34ஆவது பிரிவின்படி ஆண்டுக்கு 6 சதவீதத்தைத் தாண்டுவதில்லை. வெளியே அதைவிட அதிக வட்டிக்குத்தான் பணம் கிடைக்கும் என்னும்போது, கட்டாமல் இழுத்தடிப்பது கடனாளிக்கு லாபமாகிவிடுகிறது.

2021 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், நிறைவேற்று மனுவை 6 மாதங்களுக்குள் முடிக்க வேண்டும், தாமதமானால் காரணத்தை எழுத்தில் பதிவு செய்ய வேண்டும் என்று ஆணையிட்டது. 2025இல், தமிழ்நாட்டிலிருந்து சென்ற ஒரு நில வழக்கை விசாரித்த அதே நீதிமன்றம் எல்லா உயர் நீதிமன்றங்களிடமும் கணக்குக் கேட்டது. நாடு முழுவதும் 8.82 லட்சம் நிறைவேற்று மனுக்கள் நிலுவையில் இருப்பது தெரியவந்தது. இதில் பண வழக்குகளும் நில வழக்குகளும் அடங்கும்.

பெரிய வங்கிகள் இந்த வரிசையிலிருந்து விலகிவிட்டன. 1993ஆம் ஆண்டின் சட்டம் வங்கிகளுக்கெனக் கடன் மீட்புத் தீர்ப்பாயங்களை அமைத்தது. 2002ஆம் ஆண்டின் சர்ஃபேசி சட்டம், அடமானச் சொத்தை நீதிமன்றம் செல்லாமலே கைப்பற்றி விற்கும் அதிகாரத்தை வங்கிகளுக்குத் தந்தது. 2016ஆம் ஆண்டின் நொடிப்புநிலை, திவால் தொகுப்பு நிறுவனக் கடன்களுக்குத் தனிவழி அமைத்தது. மறுமுனையில், 2003ஆம் ஆண்டின் தமிழ்நாடு அநியாய வட்டித் தடைச் சட்டம் கந்துவட்டி வசூலைக் குற்றமாக்கியது. இவற்றுக்கு நடுவே நிற்பவர்கள், புரோநோட்டின் பேரில் கைமாற்றுக் கொடுத்தவர், பாக்கி நிற்கும் சிறு கடைக்காரர், இழப்பீட்டுக்குக் காத்திருக்கும் குடும்பம் ஆகியோர். அவர்களுக்கு 1908ஆம் ஆண்டின் சட்டமும் 21ஆவது கட்டளையும் மட்டுமே வழி.

முடிவுரை

கடனாளியின் தன்மானத்தையும் பிழைப்பையும் காக்கும் விதிகள் தேவை என்பதைத் தக்காணக் கலவரம் காட்டியது. அந்த விதிகள் 1877, 1936, 1976 எனப் படிப்படியாக வளர்ந்தன. அவை தாமதத்துக்குக் காரணம் அல்ல. ஏழையின் ஏர்மாட்டைக் காக்கும் விதியால் எந்த நிறைவேற்று மனுவும் 20 ஆண்டுகள் நிலுவையில் இருப்பதில்லை. வசதி இருந்தும் சொத்தை மறைப்பவருக்கு வாய்தா கிடைப்பதாலேயே அது இழுபடுகிறது. கட்ட முடியாதவரையும் கட்ட மறுப்பவரையும் வேறுபடுத்திக் காண 51ஆவது பிரிவும், சொத்து விவரப் பிரமாணமும் நீதிமன்றத்துக்கு உதவும். தீர்ப்பாணை பெற்றவர் 30 நாள்கள் கடந்தவுடனேயே சொத்து விவரப் பிரமாணத்தைக் கோருவதும், வழக்கு நடக்கும்போதே கடனாளி சொத்தை விற்கப் பார்த்தால் 38ஆவது கட்டளைப்படி தீர்ப்புக்கு முந்தைய ஜப்தி கோருவதும், 12 ஆண்டு வரம்பை மறவாமல் இருப்பதும் பயன் தரும். மார்க்கோ போலோ கண்ட வட்டத்தைச் செல்லுபடியாக்கியது, அரசரும் அதற்குக் கட்டுப்பட்டார் என்பதே. தீர்ப்பாணைக்கும் அதே நிலை வேண்டும் என்பதே 1859 முதல் இன்றுவரை நடந்த திருத்தங்களின் பொது நோக்கம்.